முப்பத்தாறும் எழுநூற்றுப் பத்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கிரிக்கெட் குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் மேசையில் சேர்ந்துகொண்டே போகின்றன. வெளிநாட்டு டெஸ்டுகளில் நம் அணி வாங்கிய அடியைப் பற்றியே பெரும்பாலோர் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். சமையல், சோதிடம் தொடர்பான கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: நான் வாழை விவசாயம் செய்கிறவன். 2020இல் அடிலெய்டில் 36 ரன்னுக்குள் அனைவரும் ஆட்டமிழந்ததுதான் இந்திய அணிக்கு நேர்ந்த மிகப் பெரிய அவமானம் என்பது என் கட்சி. 1974இல் லார்ட்ஸ் மைதானத்தில் எடுத்த 42தான் என்று என் அண்ணன் சாதிக்கிறார். யார் சொல்வது சரி?
*– ஒரு வாசகர், கோபிச்செட்டிபாளையம்*

பதில்: அண்ணன் தம்பி இருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, என் வாக்கு இரண்டுக்குமே இல்லை. 2011 ஆகஸ்டில் பர்மிங்காம் நகரின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் இங்கிலாந்து 7 விக்கெட் இழப்புக்கு 710 ரன் குவித்து, போதும் என்று தானே ஆட்டத்தை முடித்து டிக்ளேர் செய்ததே, என் பார்வையில், நம் அணி வெளிநாட்டில் வாங்கிய மிக மோசமான அடி.

முதலில் உங்கள் 36. அன்று 2020 டிசம்பர் 19, சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் பேக்கரி வாசலில் டீ கிளாசுடன் நின்று, உள்ளே மாட்டியிருந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நின்றேன். முதல் இன்னிங்ஸில் 53 ரன் முன்னிலை பெற்றிருந்த இந்தியா, ஒரு விக்கெட் இழப்புக்கு 9 ரன் என்ற நிலையில் மூன்றாம் நாள் ஆட்டத்தைத் தொடங்கியிருந்ததால், ஒருவர் முகத்திலும் கவலை இல்லை. எண்ணிக்கை 15ஐத் தொட்டது. அதே 15இல் பும்ரா, புஜாரா, மயங்க் அகர்வால், ரஹானே என்று நான்கு பேர் வெளியேறினார்கள். கல்லாவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "ஏனுங்க, டீ ஆறறதுக்குள்ள நாலு விக்கெட்டுங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். பதில் சொல்ல அங்கே எவருக்கும் வாய் வரவில்லை. 21.2 ஓவரில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. மயங்க் அகர்வாலின் 9தான் அதிகபட்சம்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை இன்று பொறுமையாகத் திரும்பப் பார்த்தால், வெட்கப்படத்தக்க வகையில் விக்கெட்டைத் தூக்கிக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே என்பது தெரியும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்கள் ஹேசல்வுட் 8 ரன் கொடுத்து 5 விக்கெட், கம்மின்ஸ் 21 ரன் கொடுத்து 4 விக்கெட். இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் பந்தைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். மற்ற நாட்களில் மட்டையின் விளிம்பைத் தொடாமல் கடந்து போகும் பந்துகள், அன்று ஒன்று விடாமல் விளிம்பைத் தொட்டன. விக்கெட் கீப்பர் டிம் பெய்ன் மட்டும் ஐந்து கேட்ச் பிடித்தார். நீங்கள் வாழைக்காரர் என்பதால் உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். குலை தள்ளிய தோட்டம் ஒரு மாலைச் சூறைக்காற்றில் மொத்தமாகச் சாய்ந்துவிடுவதில்லையா? இழப்பு இழப்புதான், ஆனாலும் மண்ணிலோ கிழங்கிலோ குற்றம் கிடையாது. அடுத்த போகத்தில் அதே நிலம் விளைவித்துக் கொடுத்துவிடும். அந்த அணியும் அப்படித்தான் எழுந்தது. அடிலெய்டு தோல்விக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 2021 ஜனவரி 19 அன்று, ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு டெஸ்டில் தோற்றே இராத பிரிஸ்பேன் காபா மைதானத்தில் 328 ரன் இலக்கை எட்டி, தொடரை 2–1 என்று கைப்பற்றியது.

2011இல் நடந்தது வாடல் நோய்க் கதை. மரம் நின்றபடியே இருக்கும், இலைகள் ஒவ்வொன்றாகப் பழுக்கும். அந்த ஏப்ரலில் உலகக் கோப்பையை வென்று, டெஸ்ட் தரவரிசையிலும் முதலிடத்தில் இருந்த அணி இங்கிலாந்துக்குப் போயிற்று. லார்ட்ஸ் டெஸ்டின் முதல் நாளிலேயே ஜாகீர் கான் தொடைத் தசைக் காயத்தோடு வெளியேறினார். தோள் காயத்திலிருந்து மீண்டு மூன்றாவது டெஸ்டில் இறங்கிய சேவாக், இரண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். அதே எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்தின் அலஸ்டர் குக் ஏறத்தாழ 13 மணி நேரம் நின்று 294 ரன் எடுத்தார். மாலை மூன்றரைக்கு ஒரு முறை பார்த்தேன், குக் நின்றார், சந்தைக்குப் போய் வந்து பார்த்தேன், நின்றார், மறுநாளும் நின்றார். இன்னிங்ஸ், 242 ரன் வித்தியாசத்தில் தோல்வி, கூடவே முதலிடமும் போயிற்று.

அந்தத் தொடரின் எட்டு இன்னிங்ஸிலும் இந்தியா எடுத்த அதிகபட்ச எண்ணிக்கை சரியாக 300. கடைசி இரண்டு டெஸ்டுகளிலும் சேர்த்து நம் பந்து வீச்சாளர்கள் வீழ்த்தியவை 13 விக்கெட்டுகள் மட்டுமே. ஒரு டெஸ்டை வெல்லவே 20 விக்கெட் வேண்டும் என்னும்போது, இந்த 13ஐ வைத்துக்கொண்டு எவரும் கெட்ட நேரத்தைக் காரணம் காட்ட முடியாது. 0–4 என்று தோற்றுத் திரும்பிய அணி, அந்த ஆண்டு முடியும் தருவாயில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கும் 0–4 என்று தோற்றது.

உங்கள் அண்ணனுக்கும் பாதி மதிப்பெண் தருகிறேன். 1974 லார்ட்ஸில் அந்த 42க்கு முன்னால் இங்கிலாந்து 629 ரன் அடித்திருந்தது. சந்திரசேகர் காயத்தால் அதிகம் வீச முடியாமல் போக, பேடி தனியாளாக உழைத்து 226 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். பிறகு இரண்டாவது இன்னிங்ஸில் 17 ஓவரில் அனைவரும் ஆட்டமிழந்தார்கள். சோல்கர் மட்டும் 18 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். நோயும் காற்றும் ஒரே டெஸ்டில் சேர்ந்து வந்தது போன்ற தோல்வி அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1974இலும் கேப்டனாக இருந்த அதே வாடேகரின் தலைமையில் ஓவல் மைதானத்தில் வென்று தொடரைக் கைப்பற்றியிருந்ததால், வலி இரட்டிப்பாயிற்று.

கேள்வி: உள்ளூரில் சதம் மேல் சதம் அடிப்பவர்கள், இங்கிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனதும் ஸ்லிப்பில் (விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில்) நிற்பவர் கையில் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது ஏன்? திறமை ஊருக்கு ஊர் மாறுமா?
*– ஒரு வாசகர், பொள்ளாச்சி*

பதில்: திறமை மாறுவதில்லை, கையின் பழக்கம் மாற மறுக்கிறது. இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

உங்கள் ஊர்த் தென்னை நாரில் முடைந்த பாயை இறுக்கி இழுத்து, ஓரங்களில் இரும்பு ஆணி அடித்து ஆடும் ஆடுகளத்தில்தான் நான் கல்லூரிக் காலத்தில் கிரிக்கெட் பழகினேன். பாய்மீது விழுகிற பந்து எழும்பும் உயரம் நாள் முழுதும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்துக்குக் காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டி அடித்தாலும் நான்கு ரன் கிடைத்துவிடும். ஒரு மார்கழி மாதம் சென்னையில் புல்தரை ஆடுகளத்தில் ஆடச் சென்றோம். காலைப் பனியின் ஈரம் இன்னும் தரையில் இருந்தது. மூன்றாவது பந்துக்கு என் கை, என்னைக் கேட்காமலேயே, வழக்கம்போல நீண்டது. பந்து தரையில் பட்ட பிறகு அரை விரற்கடை வெளியே விலகியது. விளிம்பைத் தொட்டு இரண்டாவது ஸ்லிப்புக்குப் போயிற்று. திரும்பி நடந்தபோது, பந்து விலகும் என்பதை என் கண் முன்பே பார்த்துவிட்டதும், கைதான் நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சர்வதேச ஆட்டக்காரர்களுக்கு நேர்வதும் இதன் பெரிய வடிவமே. இங்கிலாந்தில் பயன்படும் ட்யூக்ஸ் பந்து முழுக்கக் கைத்தையலால் ஆனது. தையல் மேடாக நிற்கும், அரக்குப் பூச்சின் பளபளப்பு நெடுநேரம் நிலைக்கும், மேகமூட்டமான நாளில் ஓவர் கணக்கின்றிக் காற்றில் வளைந்து ஸ்விங் ஆகும். ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா பந்தின் தையல் பெரும்பாலும் இயந்திரம் போட்டது என்பதால் விரைவில் அமுங்கிவிடும். ஆனால் அங்கே எழும்பும் உயரமே ஆபத்து. நம் மீரட் நகரில் செய்யப்படும் எஸ்.ஜி. பந்தும் கைத்தையல் பந்துதான். ஆயினும் நம் காய்ந்த மைதானங்கள் அதைச் சீக்கிரமே உரசிச் சொரசொரப்பாக்கிவிடுவதால், புதுப்பந்தின் தொல்லை கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து, பிறகு சுழற்பந்தின் ஆட்சி தொடங்குகிறது. இருபது ஆண்டுகளாக அந்தத் தாளத்துக்குப் பழகிய கைக்கு, நாற்பதாவது ஓவரிலும் பந்து வெளியே விலகும் என்று யார் சொல்லிப் புரிய வைப்பது?

பழக்கத்தை மாற்றிக் காட்டியவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். 2014இல் இங்கிலாந்தில் ஆடிய 10 இன்னிங்ஸில் விராட் கோலி எடுத்தது 134 ரன்; இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சன் மட்டும் அவரை நான்கு முறை வீழ்த்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே கோலி, கிரீஸுக்கு (மட்டையாளர் நிற்கும் கோட்டுக்கு) வெளியே வந்து நின்று, பந்து விலகுவதற்கு முன்பே அதைச் சந்தித்து, விட வேண்டிய பந்துகளை விட்டு, 593 ரன் எடுத்தார். ஆண்டர்சனால் ஒரு முறைகூட அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. அந்தத் தொடரையும் இந்தியா 1–4 என்று தோற்றது என்பது வேறு விஷயம். ஒருவர் மாறினால் போதாது, மேல்வரிசையில் நான்கு பேராவது மாற வேண்டியிருக்கிறது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதும் அன்று. 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 477 ரன் எடுத்தது. நல்ல எண்ணிக்கைதான். கருண் நாயரின் 303 ரன்னோடு இந்தியா 759 அடித்தது. கடைசி நாளில் விக்கெட் இழப்பின்றி 103 ரன் எடுத்திருந்த இங்கிலாந்து, ஜடேஜாவின் சுழலில் 207 ரன்னுக்குள் அடங்கி, இன்னிங்ஸ் தோல்வி கண்டது. அன்று அவர்கள் ஊர் வாசகர் ஒருவரும் திறமை ஊருக்கு ஊர் மாறுமா என்று எங்கேனும் எழுதிக் கேட்டிருப்பார்.

கேள்வி: எதிரணி 200 ரன்னுக்கு மேல் பின்தங்கியும் சில கேப்டன்கள் ஃபாலோ ஆன் கொடுக்காமல் (அந்த அணியையே உடனே மறுபடி ஆட வைக்காமல்) தாங்களே மறுபடி ஆடுகிறார்களே, இது அடிபட்டவனை மேலும் அடிக்கும் ஆணவம் இல்லையா?
*– ஒரு வாசகர், கரூர்*

பதில்: ஆணவத்தைவிட அச்சமே காரணம் என்பேன், அந்த அச்சத்தை விதைத்தவர்கள் நாம்தான். 2001 மார்ச்சில் கொல்கத்தாவில், தொடர்ந்து 16 டெஸ்டுகளை வென்று வந்திருந்த ஆஸ்திரேலியா, 171 ரன்னில் ஆட்டமிழந்த இந்தியாவுக்கு ஃபாலோ ஆன் கொடுத்தது. லட்சுமண் 281, திராவிட் 180. நான்காம் நாள் முழுதும் இந்த இருவரையும் பிரிக்க முடியாமல், முந்தைய நாளும் பந்து வீசிக் களைத்திருந்த ஆஸ்திரேலியர்கள் வெயிலில் வாடினார்கள். 171 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். அதன் பிறகு, பந்து வீச்சாளர்களுக்கு ஓய்வு தராமல் மறுபடி வீசச் சொல்லக் கேப்டன்கள் பெரிதும் தயங்குகிறார்கள்.

2018 டிசம்பரில் மெல்போர்னில் 292 ரன் முன்னிலை இருந்தும் கோலி ஃபாலோ ஆன் கொடுக்கவில்லை; இந்தியா மறுபடி ஆடி 8 விக்கெட்டுக்கு 106 எடுத்து டிக்ளேர் செய்து, 137 ரன் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த டெஸ்டில், சிட்னியில், கொடுத்தார். ஆஸ்திரேலியா தன் சொந்த மண்ணில் ஃபாலோ ஆன் ஆடியது 1988க்குப் பிறகு அதுவே முதல் முறை. மழை வந்து ஆட்டம் டிராவில் முடிந்தது. ஐந்து நாளில் எத்தனை ஓவர் மிச்சம், வானிலை அறிக்கை என்ன, வேகப்பந்து வீச்சாளரின் முதுகு எப்படியிருக்கிறது என்ற மூன்று கணக்கில்தான் முடிவு அமைகிறது. தோற்கும் அணியின் மானத்தைப் பற்றி அங்கே எவரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

கேள்வி: முன்பெல்லாம் சுற்றுப்பயணம் மாதக்கணக்கில் நடக்கும், கவுன்டி (இங்கிலாந்து மாவட்ட) அணிகளோடு நிறையப் பயிற்சி ஆட்டங்கள் இருக்கும். இப்போது அவை குறைந்ததுதானே தோல்விக்குக் காரணம்?
*– ஒரு வாசகர், திருப்பூர்*

பதில்: ஒரு காரணம், ஆனால் பெரிய காரணமாக நான் ஏற்க மாட்டேன். 1952இலும் 1974இலும் நம் அணி கவுன்டி அணிகளோடு நிறையவே ஆடியது. 1952இல் லீட்ஸ் மைதானத்தில் இரண்டாவது இன்னிங்ஸின் தொடக்கத்தில் ரன் எதுவும் எடுக்காமலே 4 விக்கெட்டை இழந்தது. அதே பயணத்தில் மான்செஸ்டரில் ஒரே நாளில் 58, 82 என்று இரண்டு முறை ஆட்டமிழந்தது. பயிற்சி ஆட்டம் கண்ணுக்கு வெளிச்சத்தையும் காலுக்கு மண்ணையும் பழக்கும். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ட்ரூமனின் வேகத்தைப் பழக்கப் பயிற்சி ஆட்டத்தில் ட்ரூமனே வந்து வீச வேண்டும்.

கேள்வி: காபாவில் வென்றது பாதிக்கும் மேற்பட்ட முன்னணி ஆட்டக்காரர்கள் இல்லாத அணி. எங்கள் சின்னப்பம்பட்டி நடராஜன் வலைப்பயிற்சியில் பந்து வீசப் போனவர், டெஸ்ட் ஆடிவிட்டு வந்தார். அப்படியிருக்க, முழு பலத்தோடு போகிற அணி படுதோல்வி அடைந்தால் என்ன சாக்குச் சொல்வது?
*– ஒரு வாசகர், சேலம்*

பதில்: சாக்கு எதுவும் என்னிடம் இல்லை. பும்ரா, ஷமி, உமேஷ் யாதவ், ஜடேஜா, அஸ்வின், விஹாரி என்று காயமடைந்தவர்கள் ஒரு தனி அணியாகவே சேர்ந்துவிட்ட நிலையில் நடந்த டெஸ்ட் அது. காபாவில் இறங்கிய ஐந்து பந்து வீச்சாளர்களும் அதற்கு முன்பு ஆடியிருந்த டெஸ்டுகளை எல்லாம் கூட்டினாலும் நான்குதான் வரும்: சிராஜ் இரண்டு, சைனி ஒன்று, ஷர்துல் தாக்கூர் ஒன்று. நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல் டெஸ்ட். ஆயினும் அவர்கள் 20 விக்கெட்டையும் எடுத்தார்கள். அதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2011இல் முழு அனுபவசாலிகள் இருந்த பேட்டிங் வரிசைக்குப் பின்னால், எதிரணியை இரண்டு முறை ஆட்டமிழக்கச் செய்யும் வலு இருக்கவில்லை.

நடராஜன் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். அவற்றுள் 108 ரன் எடுத்திருந்த லபுஷேனின் விக்கெட்டும் ஒன்று. அது விழாமல் போயிருந்தால் ஆஸ்திரேலியாவின் 369, 450 ஆகியிருக்கலாம் என்பது என் கணக்கு. பேட்டிங்கில் வாஷிங்டன் 62, ஷர்துல் 67; இருவரும் சேர்ந்து எடுத்த 123 ரன் இல்லையென்றால் கடைசி நாளில் ரிஷப் பந்த்துக்கு எட்டக்கூடிய இலக்கே இருந்திராது. நடராஜன் அதற்குப் பிறகு முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுவாகவே இன்னும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் 'எங்கள்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். பார்த்து மகிழ்ந்தேன்.

கேள்வி: என் மாமனார் மஞ்சள் மண்டி ஏலம் முடிந்து வந்ததும், மாலை மூன்றரை மணிக்கு இங்கிலாந்து டெஸ்ட் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார். தோல்வி உறுதி என்று தெரிந்த நான்காம் நாளிலும், ஐந்தாம் நாளிலும் எழுந்திருப்பதில்லை. கேட்டால் "உனக்குத் தெரியாது கண்ணு" என்கிறார். அப்படி அதில் என்னதான் பார்க்கிறார்?
*– ஒரு வாசகி, ஈரோடு*

பதில்: உங்கள் மாமனார் மனத்தில் இருப்பதை நான் அறியேன். ஆனால் 2011 ஓவல் டெஸ்டின் நான்காம் நாளில், ஆகஸ்ட் மாத ஞாயிறு மாலையில், நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவரும் அதைப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இங்கிலாந்து 591 ரன் அடித்திருந்தது. முதல் மூன்று டெஸ்டுகளும் கைவிட்டுப் போய்விட்டன. ஃபீல்டிங்கின்போது கம்பீர் தலையில் அடிபட்டதால், தொடக்க ஆட்டக்காரராக இறங்க வேண்டிய பொறுப்பு 38 வயது திராவிடின் மேல் விழுந்தது. மறுமுனையில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவர் ஒவ்வொரு பந்துக்கும் முன்பு மட்டையை ஒரு முறை தரையில் தட்டி, குனிந்து, பந்து வெளியே போனால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விட்டார். மேலே பொள்ளாச்சி வாசகருக்குச் சொன்ன என் கை செய்யத் தவறியதை, அந்தக் கை மணிக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. அணி 300 ரன்னுக்கு ஆட்டமிழந்தபோது அவர் 146 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் இருந்தார். இங்கிலாந்து ஃபாலோ ஆன் கொடுத்தது. இன்னிங்ஸ் இடைவேளை பத்தே நிமிடம். உள்ளே போன திராவிட், வியர்வை உலர்வதற்குள், சேவாகோடு மறுபடி தொடக்க ஆட்டக்காரராக இறங்கி வந்தார்.

இரண்டாவது முறை 13 ரன்னில் ஆட்டமிழந்தார். மறுநாள் டெண்டுல்கரும், இரவுக் காவலராக (முன்னணி ஆட்டக்காரரைக் காக்க, நாள் முடியும் நேரத்தில் முன்கூட்டி இறக்கப்படுபவராக) வந்த அமித் மிஸ்ராவும் 144 ரன் சேர்த்து, டிரா செய்துவிடலாமோ என்ற ஆசையைக் கிளப்பினார்கள். மிஸ்ரா 84, டெண்டுல்கர் 91. 3 விக்கெட்டுக்கு 262 ரன் என்றிருந்த அணி, அடுத்த 21 ரன்னுக்குள் மீதி ஏழு விக்கெட்டையும் இழந்தது. இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

நான்காம் நாள் மூன்றரை மணிக்கு ஒரு காபியைக் கலந்து கொடுத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பந்தை விட்டார், எதை ஆடினார் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். ரன் எவ்வளவு என்று கேட்க வேண்டாம்.